எடுக்கப்பட்ட தெருப் பெயர் எங்கே பதிவாகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு தெருவுக்குப் புதுப் பெயர் சூட்டப்படும்போதெல்லாம், யாருடைய பெயரை வைப்பது, யாருடைய பெயரை எடுப்பது என்ற விவாதத்துக்கு நாளிதழ்களில் தாராளமாக இடம் கிடைக்கிறது. அந்த விவாதத்துக்குள் நான் நுழைய விரும்பவில்லை. எந்தத் தரப்பு வென்றாலும், எடுக்கப்பட்ட பெயர் எந்தப் பதிவேட்டில், எந்தத் தேதியுடன், எந்த எல்லை விவரத்துடன் எழுதி வைக்கப்படுகிறது என்று யாரும் கேட்பதில்லை என்பதே என் குறை. தாத்தாவின் பிறப்புப் பதிவையோ, பாட்டி பத்திரப்படுத்திய கடித உறையையோ, மடிப்புகளில் கிழிந்துபோன மூலப்பத்திரத்தையோ கையில் வைத்துக்கொண்டு அந்த வீடு எங்கே இருந்தது என்று தேடுகிறவருக்கு இந்த ஒரு விவரம்தான் வேண்டும். குடும்ப வரலாறும் ஊர் வரலாறும் தேடும் சிலருக்கு உடனிருந்து உதவிப் பழகியவன் என்ற முறையில், தேடல் எங்கெங்கே தடம் புரள்கிறது என்பதை விளக்கி, அதையொட்டி ஒரு வேண்டுகோளையும் முன்வைக்கிறேன்.

பெயர் மாற்றம் என்றதும் நம் நினைவுக்கு வருபவை ஆட்சி மாற்றத்தை ஒட்டி நடந்தவைதாம். பாரிஸ் நகரின் புகழ்பெற்ற சதுக்கம் ஒன்று முதலில் பதினைந்தாம் லூயியின் பெயரைத் தாங்கியிருந்தது. 1792-இல் புரட்சிச் சதுக்கமாகவும், 1795-இல் கன்கார்டு சதுக்கமாகவும் ஆயிற்று. மன்னராட்சி திரும்பியதும் 1814-இல் பழைய பெயரையே மீண்டும் பெற்றது. 1826-இல் பதினாறாம் லூயியின் பெயருக்கு மாறி, 1830 புரட்சிக்குப் பின் மறுபடியும் கன்கார்டு என்றே நிலைத்தது. பெர்லினில் ரைக்ஸ்கான்ஸ்லர் சதுக்கம் 1933-இல் ஹிட்லரின் பெயரை ஏற்று, 1947-இல் அதைக் களைந்து, 1963-இல் தியோடர் ஹாய்ஸ் சதுக்கமானது. புனித பீட்டர்ஸ்பர்க்கின் நெவ்ஸ்கி பெருஞ்சாலை 1918 முதல் 1944 வரை அக்டோபர் 25 பெருஞ்சாலை என்று அழைக்கப்பட்டது. இத்தகைய மாற்றங்கள் ஆராய்ச்சியாளருக்குப் பெரிய தொல்லை தருவதில்லை என்பது என் கருத்து. இவை ஆரவாரத்தோடு நடந்தவை, எழுதப்பட்டவை, எந்த நகர வரலாற்று நூலைப் புரட்டினாலும் ஆண்டோடு கிடைப்பவை. சொல்லப்போனால் இவை துணை செய்வதும் உண்டு. தேதியில்லாத கடிதம் ஒன்றில் ஹிட்லர் சதுக்கம் என்று முகவரி இருந்தால், அது எந்தக் காலத்துக் கடிதம் என்பது அந்தப் பெயரிலேயே தெரிந்துவிடுகிறது.

உண்மையான தொல்லை சத்தமில்லாமல் நடந்த மாற்றங்களில் இருக்கிறது. ஒரு நகரம் வளர்ந்து சுற்றியுள்ள சிற்றூர்களை விழுங்கும்போது, ஒவ்வொரு சிற்றூரிலும் ஒரு சர்ச் தெரு, ஒரு பள்ளித் தெரு, ஒரு கிங் தெரு இருந்தே தீரும். தபால்காரர் குழம்புகிறார், தீயணைப்பு வண்டி வேறு இடத்துக்குப் போகிறது என்ற காரணங்களுக்காக, ஒன்றை விட்டுவிட்டு மற்றவற்றுக்கெல்லாம் நிர்வாகம் புதுப் பெயர் கொடுக்கிறது. பாரிஸ் 1860-இல் தன்னைச் சுற்றியிருந்த ஊர்களை இணைத்துக்கொண்டபோதும், பெர்லின் 1920-இல் பெரும் பெர்லினாக விரிந்தபோதும் இந்தச் சிக்கல் எழுந்தது. லண்டனில் 1855-இல் உருவான பெருநகரப் பணிகள் வாரியமும், 1889-இல் அதன் இடத்துக்கு வந்த லண்டன் மாவட்ட மன்றமும் இதே வேலையைப் பல பத்தாண்டுகள் செய்தன. 1930-களின் பிற்பகுதியில் மட்டும் ஏராளமான தெருக்கள் ஒரே வீச்சில் பெயர் மாறின. இங்கே தேடுகிறவர் எதிர்கொள்ளும் கேள்வி, இந்தப் பெயர் எதுவாக மாறியது என்பதோடு முடிவதில்லை. அதே பெயரில் அன்று இருந்த பல தெருக்களில் நம்முடையது எது என்பதை முதலில் தீர்க்க வேண்டும். அதனால்தான் பழைய ஆவணத்தில் தெருப் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் திருச்சபை வட்டாரத்தின் பெயரையோ, பேட்டையின் பெயரையோ, அஞ்சல் முத்திரையில் தேய்ந்து தெரியும் ஊர்ப் பெயரையோ அலட்சியம் செய்யக் கூடாது. தெருப் பெயரைவிட அந்தச் சிறு குறிப்புத்தான் பல வேளைகளில் வழி காட்டுகிறது. கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு உறையைத் தூக்கி எறியும் பழக்கம் நம் குடும்பங்களில் எத்தனை தேடல்களைக் கெடுத்திருக்கிறது என்பது தேடியவர்களுக்கே தெரியும்.

பெயரைவிட மோசமாக ஏமாற்றுவது வீட்டு எண். பெயர் மாறிவிட்டது என்றால் தெரு கிடைக்கவில்லை என்றாவது தெரியும். எண் மாறியிருந்தால் அதே தெருவில், அதே எண்ணில் வேறொரு வீடு நிற்கும். தேடி வந்தவர் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு, நம் முன்னோர் வாழ்ந்த வீடு இதுதான் என்று உறவினர் அனைவருக்கும் அனுப்பிவிடுவார். பின்னர் யாரும் அதைச் சரிபார்க்கப் போவதில்லை. சிகாகோ நகரில் 1909-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதி வீட்டு எண்கள் அடியோடு மாற்றப்பட்டன. அதுவரை ஆற்றின் கிளைகளால் பிரிந்த பகுதிகள் ஒவ்வொன்றும் தனித்தனி இடத்திலிருந்து எண்ணிக்கொண்டிருந்தன. புதிய முறையில் ஸ்டேட் தெருவும் மாடிசன் தெருவும் சந்திக்கும் முனை தொடக்கமாக வைக்கப்பட்டு, மைலுக்கு 800 எண்கள் என்ற கணக்கில் நகரம் முழுவதற்கும் ஒரே ஒழுங்கு வந்தது. நகரின் மையப் பகுதிக்கு மட்டும் அது 1911-இல்தான் வந்து சேர்ந்தது. ஆகவே 1908-இல் எழுதப்பட்ட ஒரு சிகாகோ முகவரியை இன்றைய வரைபடத்தில் தட்டினால், தெருவின் பெயர் சற்றும் மாறாமல் இருந்தாலும், பல குறுக்குத் தெருக்கள் தள்ளி இருக்கும் ஒரு கட்டடத்தைத்தான் அது காட்டும். நல்லவேளையாக, பழைய எண்ணையும் புதிய எண்ணையும் தெருவாரியாக அடுக்கிய கையேடு அந்த ஆண்டிலேயே அச்சிடப்பட்டது. அது இல்லாவிட்டால் அந்த நகரத்தின் பத்தொன்பதாம் நூற்றாண்டு வீடுகளைத் தேடுவது பெரும்பாடாகியிருக்கும்.

வியன்னாவில் 1770-களின் தொடக்கத்தில் இடப்பட்ட எண்கள் தெருவைச் சார்ந்தவையே அல்ல. படைக்கு ஆள் எடுக்கும் கணக்குக்காக ஊர் முழுவதும் வீடுகளை வரிசையாக எண்ணினார்கள். பின்னால் எழுந்த வீட்டுக்கு, அது எங்கே இருந்தாலும், அடுத்த எண் தரப்பட்டது. இடையில் அந்த எண்களே திருத்தப்பட்டதும் உண்டு. தெருவாரியான எண்கள் 1862-இல்தான் வந்தன. ஆகவே ஒரு குடும்பம் மூன்று ஆவணங்களில் மூன்று எண்களோடு காணப்பட்டால் மூன்று முறை வீடு மாறியது என்று முடிவு கட்டிவிட முடியாது. அவர்கள் இருந்த இடத்திலேயே இருந்திருக்கக் கூடும். பெர்லினின் பழைய தெருக்களில் வேறொரு வழக்கம்: ஒரு பக்கமாக எண்கள் ஏறிச் சென்று, கோடியில் திரும்பி, மறுபக்கமாக இறங்கி வரும். ஒற்றைப்படை ஒரு பக்கம், இரட்டைப்படை மறுபக்கம் என்று எண்ணிப் பழகியவர் அங்கே எதிர்ச்சாரியைத் தேடித் தவறிவிடுவார்.

இவற்றோடு, தெரு என்பதே ஒரே அளவில் நிற்பதில்லை. ஒரு துண்டு வெட்டப்பட்டு வேறு தெருவாகும். இரண்டு தெருக்கள் ஒன்றாகும். ஒரு பெயர் இடம்பெயர்ந்து இன்னொரு தெருவில் போய் உட்காரும். இந்தக் கடைசி வகைதான் மிகவும் வஞ்சகமானது. பெர்லினில் இன்று எபர்ட் தெரு என்று வழங்கும் தெருவுக்கு 1915 முதல் 1925 வரை புடாபெஸ்ட் தெரு என்று பெயர். 1925-இல் அதற்கு மறைந்த குடியரசுத் தலைவர் எபர்ட்டின் பெயர் வைக்கப்பட்டது. அதே ஆண்டில், குர்ஃபூர்ஸ்டன்டாம் என்ற பெருஞ்சாலையின் தொடக்கப் பகுதி பிரிக்கப்பட்டு அதற்குப் புடாபெஸ்ட் தெரு என்ற பெயர் கொடுக்கப்பட்டது. 1920-ஆம் ஆண்டுக் கடிதத்தில் இருக்கும் புடாபெஸ்ட் தெருவை இன்றைய வரைபடத்தில் தேடுகிறவருக்குத் தெரு உடனே கிடைக்கும், ஆனால் அது வேறு தெரு. குர்ஃபூர்ஸ்டன்டாமில் இன்றும் வீட்டு எண்கள் 11-இலிருந்துதான் தொடங்குகின்றன. முதல் பத்து எண்கள் பிரிந்துபோன பகுதிக்கு உரியவை. விடுபட்ட எண்கள் இப்படி ஒரு பழைய பிரிவினையைக் காட்டிக்கொடுப்பதுண்டு என்பதால், ஒரு தெருவில் எண் ஏன் ஒன்றிலிருந்து தொடங்கவில்லை என்று கேட்டுப் பார்ப்பது பயனுள்ள பழக்கம்.

வட்டார எண்களும் அப்படியே. பாரிஸ் 1795 முதல் 12 வட்டாரங்களாக இருந்து, 1860-இல் 20 வட்டாரங்களாக மறுபடி வகுக்கப்பட்டது. 1850-இல் மூன்றாம் வட்டாரத்தில் பிறந்ததாகப் பதிவான ஒருவர் இன்றைய மூன்றாம் வட்டாரத்தில் பிறந்தவர் ஆகமாட்டார். 1871-இல் நகர மன்றக் கட்டடம் எரிந்து, 1860-க்கு முந்தைய குடிமைப் பதிவுகள் அழிந்தன. அவற்றில் ஒரு பகுதிதான் பின்னர் மீட்டெழுதப்பட்டது. எனவே அந்தக் காலத்துக்குத் தெரு விவரம் கிடைத்தாலே அரிது என்ற நிலையில், கிடைத்ததைத் தவறான வட்டாரத்தில் பொருத்தினால் இழப்பு இரட்டிப்பாகிறது.

மக்கள் வழக்குக்கும் அரசு வழக்குக்கும் இடையே உள்ள இடைவெளியையும் சொல்லியாக வேண்டும். டப்ளினில் சாக்வில் தெருவுக்கு ஓ'கானல் பெயரைச் சூட்ட நகர மன்றம் 1884-இல் முடிவு செய்தது. குடியிருப்போர் எதிர்த்தார்கள், நீதிமன்றம் தடுத்தது. அதிகாரப்பூர்வமாக அந்தப் பெயர் வந்தது 1924-இல்தான். இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் ஒரே தெருவை இருவர் இரண்டு பெயரால் எழுதியிருப்பார்கள், இருவரும் தவறியவர்கள் அல்லர். நியூயார்க்கில் ஆறாம் அவென்யூவுக்கு 1945-இல் அமெரிக்காக்களின் அவென்யூ என்று பெயரிட்டார்கள். நகரவாசிகள் இன்றும் ஆறாம் அவென்யூ என்றே சொல்கிறார்கள். பத்திரமும் வரிப் பதிவேடும் அலுவல் பெயரைச் சொல்லும். கடிதமும் திருமண அழைப்பும் வாய்வழக்கைச் சொல்லும். பெயர் மாறிய ஆண்டைக் கொண்டு ஓர் ஆவணத்தின் காலத்தை நிர்ணயிக்கும்போது, அது எவ்வகை ஆவணம் என்று பார்க்காமல் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. பழைய பெயர் இருப்பதால் மட்டும் ஆவணம் மாற்றத்துக்கு முந்தையது ஆகிவிடாது. அதே வேளையில், புதிய பெயர் இருந்தால் பெரும்பாலும் பிந்தையதே.

இத்தனை குழப்பத்துக்கும் நடுவே, நான் கண்டவரை நம்பகமான வழி ஒன்றுதான்: முகவரியோடு தேதியையும் சேர்த்தே படிப்பது. தேதியில்லாத முகவரி பாதி முகவரிதான். தேதி தெரிந்தால், அந்த ஆண்டை ஒட்டிய தெருக் கையேட்டைத் தேட வேண்டும். பெருநகரங்கள் பலவற்றில் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் ஆண்டுதோறும் இத்தகைய கையேடுகள் வெளிவந்தன. அவற்றில் தெருவாரிப் பகுதி என்று ஒன்று இருக்கும். குடியிருப்போர் பெயர்கள் வீட்டு எண் வரிசையில் இருக்கும். இந்த இடத்தில் இன்ன தெரு வந்து சேர்கிறது என்று குறுக்குத் தெருக்களும் இடையிடையே குறிக்கப்பட்டிருக்கும். அந்தக் குறுக்குத் தெருக்களே நமக்கு நங்கூரம். நம் வீடு எந்த இரண்டு முனைகளுக்கு நடுவே, எந்தப் பக்கத்தில், முனையிலிருந்து எத்தனையாவதாக இருந்தது என்று தெரிந்துவிட்டால், எண் எத்தனை முறை மாறினாலும் கவலையில்லை. அதன்பின் ஆண்டுக்கு ஆண்டு முன்னோக்கி வர வேண்டும். முனையில் இருந்த மதுக்கடையும், பள்ளியும், தேவாலயமும், அண்டை வீட்டுக்காரரின் பெயரும் மாறாமல் இருக்க, தெருவின் பெயரோ எண்ணோ மட்டும் ஒரு கையேட்டுக்கும் அடுத்த கையேட்டுக்கும் இடையே மாறியிருந்தால், மாற்றம் நடந்த காலம் சிக்கிவிடும். ஒன்றை மறக்கக் கூடாது: 1910-ஆம் ஆண்டுக் கையேட்டில் இருப்பது பெரும்பாலும் 1909-இல் திரட்டிய செய்தி.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளில் வீட்டுக்கு வீடு நடந்து சென்ற கணக்கெடுப்பாளரின் பாதை அப்படியே பதிவாகியிருக்கும். பெயர் தவறாகப் படியெடுக்கப்பட்டதால் குறிச்சொல் தேடலில் சிக்காத குடும்பத்தை, அந்தத் தெரு எந்தக் கணக்கெடுப்பு வட்டத்தில் அடங்கியது என்று கண்டு, அந்த வட்டத்தின் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பிடித்துவிடலாம். அலுப்பான வேலைதான். ஆனாலும் பலன் தருவது. பிரிட்டனில் 1921 கணக்கெடுப்பு வரையும், அமெரிக்காவில் 1950 கணக்கெடுப்பு வரையும் பொதுமக்கள் பார்வைக்கு வந்துள்ளன. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் 1931 ஏடுகள் 1942-இல் தீக்கிரையாகிவிட்டதால் அந்த இடைவெளியை வாக்காளர் பட்டியல்களையும் தெருக் கையேடுகளையும் கொண்டுதான் நிரப்ப வேண்டும். அமெரிக்க நகரங்களுக்கு சான்பார்ன் நிறுவனமும், பிரிட்டனின் நகரங்களுக்கு கோட் நிறுவனமும் தீக்காப்பீட்டுக்காக வரைந்த வரைபடங்கள் மற்றொரு பெருந்துணை. கட்டடம் செங்கல்லா மரமா, எத்தனை மாடி என்பது வரை அவற்றில் உண்டு. எண் மாற்றம் நடந்த காலத்துத் தாள்கள் சிலவற்றில் பழைய எண்ணும் புதிய எண்ணும் அருகருகே இருக்கும்.

நிலப் பத்திரங்களைப் பற்றித் தனியே சொல்ல அதிகமில்லை. நான்கெல்லை விவரமும் அளவை எண்ணும் தெருப் பெயரைக் காட்டிலும் நீண்ட ஆயுள் உடையவை. அவை இருந்தால் அங்கிருந்தே தொடங்குங்கள்.

இணைய வரைபடங்களை நம்புவோருக்கு ஓர் எச்சரிக்கை. அவை இன்றைய நிலையை மட்டுமே அறிந்தவை. பழைய பெயரைத் தட்டினால், அந்தப் பெயர் இல்லை என்று சொல்வதற்குப் பதிலாக, அதே பெயர் கொண்ட வேறொரு தெருவையோ, ஒலியில் நெருங்கிய ஒன்றையோ காட்டிவிடும். வம்சாவளி மென்பொருள்களில் சில, நாம் இடும் இடப்பெயரை இன்றைய பட்டியலோடு தாமாகவே பொருத்தி மாற்றவும் செய்கின்றன. ஆவணத்தில் உள்ள முகவரியை எழுத்து மாறாமல் அப்படியே பதிந்து, இன்றைய பெயரையும் அதை எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதையும் தனிக் குறிப்பில் வைத்தால், பின்னால் வருகிறவர் நம் முடிவைச் சோதித்துப் பார்க்க வழியிருக்கும். இன்றைய பெயரை மட்டும் எழுதி வைப்பவர், அது அடுத்த முறை மாறும்போது தம் பேரப்பிள்ளைகளுக்கும் இதே தேடலை விட்டுச்செல்கிறார்.

இவ்வளவும் தேடுகிறவர் செய்யக்கூடியவை. பெயரை மாற்றுகிறவர்கள் செய்ய வேண்டியது இதைவிடக் குறைவு. லண்டன் மாவட்ட மன்றம் தன் எல்லைக்குள் இருந்த தெருக்களின் பெயர்களையும் அவற்றின் மாற்றங்களையும் தொகுத்துப் பல பதிப்புகளாக வெளியிட்டது. 1955-இல் வந்த பதிப்பு இன்றும் ஆவணக் காப்பகங்களில் அன்றாடம் எடுத்துப் பார்க்கப்படும் நூல். கணினி இல்லாத காலத்தில் முடிந்த வேலை இது. ஒவ்வொரு பெயர் மாற்றத் தீர்மானத்துடனும் பழைய பெயர், புதிய பெயர், நடைமுறைக்கு வரும் தேதி, தெரு எந்த முனையில் தொடங்கி எந்த முனையில் முடிகிறது, வீட்டு எண்கள் மாறினால் பழைய எண்ணுக்கு எதிரே புதிய எண் என்ற அட்டவணை ஆகியவற்றை இணைத்து, அவற்றை யாரும் இலவசமாகப் பார்க்கும்படி ஒரே இடத்தில் ஆண்டு வரிசையில் வைத்தால் போதும். பெயர்ப்பலகையை மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் செலவு பொருட்டே இல்லை. அகற்றப்பட்ட தெருக்களையும் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பதை வலியுறுத்துகிறேன். இடிக்கப்பட்டு, மேம்பாலத்துக்கோ அடுக்குமாடிக் கட்டடங்களுக்கோ இடம்விட்டு மறைந்த தெருவுக்குப் புதுப் பெயர் கிடையாது என்பதால், பெயர் மாற்றப் பட்டியல்களில் அது எங்குமே வருவதில்லை; தேடுகிறவர் இல்லாத ஒன்றுக்கு மறுபெயர் தேடிக் காலத்தைக் கழிக்கிறார்.

தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. பெயர் சூட்டு விழாச் செய்திகளில் மேடையில் இருந்தோர் பெயர்கள் விடாமல் வருகின்றன. தெருவின் முந்தைய பெயர் சில வேளைகளில் வருகிறது. அது எங்கிருந்து எங்குவரை என்பது அநேகமாக வருவதேயில்லை. இனி வரும் செய்திகளில் அந்த ஒரு வரியைச் சேர்க்கும்படி செய்தியாளர்களைப் பணிக்க வேண்டுகிறேன். மேலும், தங்கள் பழைய இதழ்களில் வெளியான பெயர் மாற்ற அறிவிப்புகளை ஆண்டுவாரியாகத் திரட்டி வெளியிட இயலுமானால், அந்தப் பழைய பக்கங்களைப் படித்துக் குறிப்பெடுக்கும் பணியில் என்னைப் போன்ற வாசகர்கள் ஊதியமின்றி உதவக் காத்திருக்கிறோம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள
வாசகர் ஒருவர்